திறந்த வாயிலும் குன்றாத் தரமும்
இரட்டைப்படக் கழகங்களின் வரலாறும் கல்முனைக் கவிஞர் வட்டமும்

கலைக்கென அமைக்கப்படும் கழகங்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் மடிகின்றன. வாயிலை அகலத் திறந்துவைத்து, வருவோர் கொணர்வதையெல்லாம் பாராட்டிக்கொண்டிருப்பவை சில ஆண்டுகளில் சுவையிழந்து கலைந்துவிடுகின்றன. தேர்ந்தாரையன்றிப் பிறரை உட்புகவிடாதவை, அத்தேர்ந்தார் மூத்து மறையுந்தோறும் சுருங்கி, ஈற்றில் பெயர்ப்பலகை மட்டும் எஞ்ச நிற்கின்றன. புதியவரை வரவேற்பதும் தரத்தைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையானவை என்ற எண்ணமே இவ்விரு சாவுகளுக்கும் காரணமாகும். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதை வரலாற்றிற் கண்ட சில கழகங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு இரண்டு களங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, மேலைநாடுகளில் ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளாக வழங்கிவரும் முப்பரிமாண நிழற்படக் கழகங்கள். மற்றது, 1960களில் கல்முனைக் கரையோரத்தில் உருவான கவிஞர் வட்டம். கமராவுக்கும் கவிதைக்கும் என்ன உறவு என்ற வினா எழுவது இயல்பே. இரண்டிலும் தரம் என்பது ஈரடுக்கானது. கீழடுக்கை அளந்து காட்டலாம், மேலடுக்கை அளக்க இயலாது. இந்த ஒப்புமை பற்றியே அவை இங்கு அருகருகே வைக்கப்படுகின்றன.

முதலில், முப்பரிமாண நிழற்படம் யாதென விளக்குதல் வேண்டும். மனிதனின் இரு கண்களும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஆறரைச் சதமமீற்றர் விலகி அமைந்தவை. ஆகவே ஒவ்வொரு கண்ணும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணத்திற் காண்கிறது. இவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக்கும்போது ஆழம் என்னும் உணர்வு பிறக்கிறது. இவ்வுண்மையை 1838இல் இலண்டன் அரச கழகத்தின் முன் விளக்கியவர் சார்ள்ஸ் வீற்ஸ்ரன். நிழற்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ அடுத்த ஆண்டில்தான். எனவே அவர் கையாற் கீறிய சித்திரங்களை இரண்டு கண்ணாடிகளின் துணையோடு காட்டியே தம் கொள்கையை நிறுவ வேண்டியிருந்தது. கருவி முந்திப் பிறக்க, அதற்குரிய படம் பிந்திப் பிறந்தது விந்தையே. 1849இல் டேவிட் புரூஸ்ரர் வில்லைகள் பொருத்திய சிறு பெட்டியொன்றை அமைத்தார். 1851ஆம் ஆண்டின் இலண்டன் மாபெருங் கண்காட்சியில் விக்ரோறியா மகாராணியார் அதனைக் கண்டு வியந்தபின், ஸ்டீரியோஸ்கோப் எனப்பட்ட அக்கருவி நடுத்தர வகுப்பாரின் வரவேற்பறைகளிலெல்லாம் இடம்பெற்றது. 1854இல் தொடங்கிய இலண்டன் ஸ்டீரியோஸ்கோப்பிக் கம்பனி, நான்கே ஆண்டுகளில் தன்னிடம் ஓர் இலட்சம் காட்சிகள் உண்டெனப் பறைசாற்றியது.

அமெரிக்காவில் இக்கலையைப் பரப்பியவருள் முதன்மையானவர் பொஸ்டன் நகர மருத்துவரும் எழுத்தாளருமாகிய ஒலிவர் வென்டல் ஹோம்ஸ். 1859இல் ‘அற்லான்ரிக்’ சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, நூல்களுக்கு நூலகம் இருப்பது போல இரட்டைப்படங்களுக்கும் பொது நூலகங்கள் தோன்றவேண்டுமெனக் கனவு கண்டது. 1861 அளவில் கையிற் பிடித்துப் பார்க்கும் எளிய ஸ்டீரியோஸ்கோப் ஒன்றை வடிவமைத்த அவர், அதற்குக் காப்புரிமை பெறவில்லை. யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம் என விட்டுவிட்டார். மலிவான அக்கருவி அமெரிக்க இல்லங்கள் பலவற்றையும் சென்றடைந்தமைக்கு இப்பெருந்தன்மையும் ஒரு காரணமாகும்.

பார்ப்பது எளிது, எடுப்பது அவ்வாறன்று. தனிப்படத்தில் தவறு நேர்ந்தால் பார்ப்பவர் முகத்தைச் சுளிப்பார். இரட்டைப்படத்தில் தவறு நேர்ந்தால் பார்ப்பவருக்குக் கண் வலிக்கும். இரு படங்களுள் ஒன்று மயிரிழை உயர்ந்திருப்பினும் கண்கள் அவற்றை இணைக்க இடர்ப்படும். இடக்கண்ணுக்குரியதை வலப்புறத்தும் வலக்கண்ணுக்குரியதை இடப்புறத்தும் மாற்றி ஒட்டிவிட்டால் ஆழம் தலைகீழாகும். சாய்ந்தமருதுக் கடற்கரையில் இழுத்து வைத்த தோணியொன்றை அவ்வாறு தவறி ஒட்டிப் பார்ப்பவர், தோணி கடலுக்கும் அப்பால் பள்ளமாகக் குழிந்து கிடக்கவும், அலைகள் அதற்கு முன்னால் வந்து நிற்கவும் காண்பர். படச்சட்டத்தை ஒரு யன்னலாகக் கொண்டு, காட்சி அதற்குப் பின்னால் விரியுமாறு அமைத்தலும் ஒரு விதி. சட்டத்தால் பாதி வெட்டுண்ட கிளையொன்று யன்னலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றால் கண் மயங்கும். இரு வில்லைகளுக்கிடையிலான தூரத்தைப்போல் முப்பது மடங்குக்குக் கிட்டவாக எப்பொருளும் இருத்தலாகாதென்பது வழிவழி வந்த கணக்கு. கண்ணளவு இடைவெளிக்கு அது ஏறத்தாழ இரண்டு மீற்றராகும்.

இவையாவும் அளக்கத்தக்கவை; முதல்நாளே எவருக்கும் கற்பிக்கத்தக்கவை. இரண்டு வில்லைக் கமரா இல்லாதவரும் இதிற் பழகலாம். இடக்காலில் உடற்பாரத்தை ஊன்றி ஒரு படம், அசையாமல் வலக்காலுக்குப் பாரத்தை மாற்றி இன்னொரு படம். அசையாப் பொருளாயின் இதுவே போதும். சிலம்பம் பயில வருபவனுக்கு அண்ணாவியார் கம்பைத் தருமுன் காற்சுவடு பழக்குவதை அறிந்தவர்கள் இதனைக் கேட்டு முறுவலிக்கக்கூடும். இங்கும் கலை காலிலிருந்தே தொடங்குகிறது. ஆயினும் வலியின்றிப் பார்க்கத்தக்க படம் எல்லாம் நல்ல படம் ஆகிவிடாது. ஆழம் எதற்காக? அந்த ஆழம் காட்சிக்கு என்ன சேர்த்தது? இவ்வினாக்களுக்கு அளவுகோல் கிடையாது. கழகங்கள் இடறி விழுந்ததெல்லாம் இவ்விரண்டு தரங்களையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்ட இடத்திலேதான்.

1861இல் நியூயோர்க்கில் அமைந்த தொழின்முறையல்லாப் படப்பிடிப்பாளரின் பரிமாற்றக் கழகம் அமெரிக்காவில் இவ்வகைக்கு முன்னோடியாகும். பிலடெல்பியாப் பொறியியலாளரான கோல்மன் செலர்ஸ் போன்றோர் அதன் அங்கத்தவர்கள். ஏறத்தாழ இருபது பேர் தத்தம் படங்களை, பெரும்பாலும் இரட்டைப்படங்களை, ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பி மகிழ்ந்தனர். ஈரத்தட்டு முறை வழங்கிய காலம் அது. கண்ணாடித் தட்டில் தாமே இரசாயனம் பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவவேண்டும். அத்தொல்லையைத் தாங்கியவர் மட்டுமே உள்ளே வந்தனர்; ஆதலால் தரம் பற்றிய கவலை அவர்களுக்கு எழவில்லை. உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில் கழகம் சில ஆண்டுகளுக்குள் நின்றுபோயிற்று. அவ்விருபதின்மருக்குப் பின் வருவார் என ஒருவரும் வளர்க்கப்பட்டிருக்கவில்லை.

நிலைமையை மாற்றியவை உலர்தட்டும் கொடக் கமராவும். 1888இல் கொடக் சந்தைக்கு வந்தபின் விசையை அழுத்தத் தெரிந்த எவரும் படப்பிடிப்பாளராயினர். இரசாயன மணமறியாத இப்பெருங்கூட்டத்தைக் கண்டு மூத்தோர் அஞ்சினர். அந்த அச்சத்துக்கு இலண்டன் அளித்த இரு விடைகளை ஒப்புநோக்குதல் பயனுடையது.

முதல்விடை 1892இல் வந்தது. ஹென்றி பீச் றொபின்சன் முதலியோர் ‘இணைந்த வளையம்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு சகோதரத்துவத்தை நிறுவினர். விண்ணப்பித்து அதிற் சேர இயலாது, அழைக்கப்பட்டவரே சேரலாம். அங்கத்தவர் ஒவ்வொருவரும் ‘கண்ணி’ எனப்பட்டனர். நிழற்படம் ஓவியத்துக்கு நிகரான கலையே என உலகை ஏற்கச் செய்ததில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு; அதனை மறுப்பது நன்றிகேடாகும். அவர்கள் ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சி ஐரோப்பாவின் கண்களைத் திறந்தது. ஆனால் யாரை அழைப்பது, எப்படத்தைத் தள்ளுவது என்னும் பிணக்குகள் உள்ளேயே மூண்டு, 1910இல் வளையம் உடைந்தது. பதினெட்டு ஆண்டுகளே அதன் ஆயுள்.

இரண்டாம் விடை 1893இல் வந்தது. ஸ்டீரியோஸ்கோப்பிக் சொசைற்றி எனப் பெயர்பெற்ற இரட்டைப்படக் கழகம் பிரித்தானியாவில் அவ்வாண்டில் உருவாயிற்று. புகழ்மிக்க கலைஞர் எவரும் அதற்குத் தலைமை தாங்கவில்லை. கலைவரலாற்று நூல்கள் அதனைப் பெரும்பாலும் குறிப்பிடுவதுமில்லை. இருப்பினும் அது இன்றும் இயங்கிவருகிறது. அதன் ஆயுளின் இரகசியம் சுற்றுப்பெட்டி என்னும் ஓர் எளிய ஏற்பாடு.

சுற்றுப்பெட்டியின் இயக்கம் இதுதான். ஒரு பெட்டியில் அங்கத்தவர் சிலரின் இரட்டைப்படங்கள் வைக்கப்பட்டு, அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தபாலில் செல்லும். பெட்டி கிடைத்தவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, அதனோடுள்ள தாளில் தம் கருத்தை எழுதவேண்டும். சிறந்தவற்றுக்கு வாக்களிக்கவும் வேண்டும். சென்ற சுற்றில் தாம் வைத்த படத்தை, அதன்மேற் பிறர் எழுதிய கருத்துக்களோடு எடுத்துக்கொண்டு, புதிய படமொன்றை வைத்து அடுத்தவருக்கு அனுப்பவேண்டும். நகர மண்டபமோ நாற்காலிகளோ வேண்டியதில்லை. ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியரும் தலைநகரத்துக் கனவானும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்துக் கிடப்பர்.

இவ்வேற்பாட்டில் மூன்று நுட்பங்கள் அடங்கியுள்ளன. அங்கத்துவம் என்பதன் பொருள் சந்தா செலுத்துவதன்று, படம் வைப்பதேயாகும். ஆகவே வேடிக்கை பார்ப்பவருக்கு அங்கே இடமில்லை. முயல்பவர் எவ்வளவு கத்துக்குட்டியாயினும் இடமுண்டு. அடுத்து, புதியவரின் படத்துக்கும் மூத்தவரின் படத்துக்கும் ஒரே தாள்தான். புதியவர் என்பதற்காகப் படத்தில் உள்ள பிழையை மறைத்து எழுதினால், அடுத்த சுற்றில் அதே பிழை எல்லாக் கண்களையும் வலிக்கச் செய்யும். கருணையே பிழையைச் சுட்டத் தூண்டும் விந்தையான நிலை இது. மூன்றாவதே இன்றியமையாதது: புதியவரும் மூத்தவரின் படத்துக்குக் கருத்து எழுதியாக வேண்டும். நன்றாயிருக்கிறது என்று எழுதித் தப்பலாம். ஆனால் ஏன் நன்றாயிருக்கிறது என எழுத முனையும்போதுதான் அவருக்குக் கண் திறக்கிறது. தம் படத்துக்குக் கிடைத்த பாராட்டிலும் பிறர் படத்தைப் பற்றி எழுதிய இருபது வரிகளிலிருந்தே மாணவன் கூடுதலாகக் கற்கிறான் என்பதை ஆசிரியத் தொழில் அறிந்தோர் மறுக்கமாட்டார்.

இம்முறை குறையற்றதெனக் கூறுவதற்கில்லை. பெட்டி மெல்லச் செல்வது. தன் பிழையைப் பிறர் சொல்லக் கேட்க ஒருவர் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஒரே வட்டத்துள் பல்லாண்டு சுழலும் பெட்டியில் சுவையும் சுழலத் தொடங்கிவிடும். எவர் எதைப் பாராட்டுவார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். எழுத்தில் வரும் கடுஞ்சொல், நேரிற் சொல்லப்படும் கடுஞ்சொல்லிலும் ஆழமாகத் தைப்பது. ஒரு தாளிற் கண்ட இகழ்ச்சியால் கமராவைப் பெட்டியிற் பூட்டிய புதியவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. எனினும் வாயிலில் நின்று ஆளைத் தடுக்காமல், உள்ளே வந்த படத்தைத் தடுத்து நிறுத்தி உசாவியதனால், அக்கழகம் தன் தரத்தையும் காத்து, ஆட்களையும் பெற்றது. பிரான்சில் 1903இல் தோன்றிய இரட்டைப்படக் கழகமும் இன்றுவரை நிலைத்துள்ளது. பிரித்தானியக் கழகத்தின் அமெரிக்கக் கிளை 1919இல் தொடங்கிற்று.

அமெரிக்காவில் இக்கலை மறுமலர்ச்சி பெற்றது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னராகும். 1947இல் மில்வோக்கி நகரின் டேவிட் வைற் கம்பனி, ஸ்டீரியோ றியலிஸ்ற் என்னும் இரண்டு வில்லைக் கமராவை வெளியிட்டது. வண்ணச் சுருளில் இரு படங்களையும் ஒருங்கே எடுக்கவல்ல அக்கருவி வந்ததும் நகரந்தோறும் கழகங்கள் முளைத்தன. ஐசன்ஹோவரும் அதனைக் கையாண்டார். பேசாப்பட நகைச்சுவை நடிகர் ஹரல்ட் லொயிட், திரையிலிருந்து ஒதுங்கியபின் பல்லாயிரம் இரட்டைப்படங்களை எடுத்துக் குவித்தார். உயர்மாடிக் கடிகார முள்ளில் தொங்கிக்கொண்டு உலகைச் சிரிக்கவைத்தவருக்கு ஆழத்தின்மேல் இத்துணை நாட்டம் ஏற்பட்டது பொருத்தமே.

அமெரிக்கக் கழகங்கள் சுற்றுப்பெட்டியை விடப் போட்டியையே பெரிதும் நம்பின. அமெரிக்க நிழற்படச் சங்கத்தின் இரட்டைப்படப் பிரிவு 1950களில் விதிகளையும் தகுதிநிலைகளையும் வகுத்தது. புதியவர் ஒரு வகுப்பிலும் தேர்ந்தவர் இன்னொரு வகுப்பிலும் போட்டியிடும் வழக்கமும் கழகங்கள் பலவற்றில் வேரூன்றியது. புதியவர் முதல்மாதமே முதியவரோடு மோதி மனமுடையாமல் இருக்க இது நல்ல தடுப்பே. மூன்று நடுவர்கள் புள்ளி வழங்குவர். விளக்கணைத்த மண்டபத்தில் முனைவாக்கக் கண்ணாடி அணிந்து எல்லாரும் பார்ப்பர். இணைப்பிற் பிழையுள்ள படம் திரையில் தோன்றும்போது மண்டபமே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கும். அதற்குமேல் விமரிசனம் தேவையில்லை.

ஆனால் புள்ளி என்பது ஒரு முடிவு, காரணம் அன்று. ஐந்து பெற்றவனுக்குத் தான் ஏன் ஐந்து பெற்றான் எனத் தெரியாது. ஒன்பது பெற்றவனின் படத்தைப் போல எடுத்தால் ஒன்பது பெறலாம் என்பது மட்டும் தெரியும். இவ்வாறு மேசைமேற் பொம்மை அடுக்கிய காட்சிகளும், பனிமலைகளும், நீர்த்துளி தாங்கிய மலர்களும் ஒன்றையொன்று பெற்றெடுத்தன. கீழடுக்குத் தரம் மிக உயர்ந்தது, மேலடுக்கோ உறைந்துபோயிற்று. அளக்கத்தக்க ஒன்று கையிலிருக்கும்போது அளக்க இயலாததை மனிதன் மறந்துவிடுகிறான். 1971இல் லொயிட் காலமானார். அக்காலத்தையொட்டியே றியலிஸ்ற் கமராவின் உற்பத்தியும் நின்றது. கழகங்களின் எண்ணிக்கை குறைந்தது. எனினும் 1974இல் அமெரிக்காவில் தேசிய அளவிலான இரட்டைப்பட அமைப்பொன்றும், 1975இல் பன்னாட்டு ஒன்றியமும் தோன்றின. எஞ்சியோர் கைவிடவில்லை.

இனி இலங்கைக்கு வரலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனமான அண்டர்வூட் அன்ட் அண்டர்வூட், தேயிலைத் தோட்டங்களையும் கண்டிப் பெரஹராவையும் இரட்டைப்படங்களாக்கி உலகெங்கும் விற்றது. இலங்கை அவற்றிற் காணப்பட்டதேயன்றிக் காண்பவனாக இருக்கவில்லை. நிழற்படத்தை இந்நாட்டாரின் கலையாக்கும் முயற்சியில் லயனல் வென்ட்டின் பெயர் முதலிடம் பெறும். வழக்கறிஞராகவும் பியானோக் கலைஞராகவும் விளங்கிய அவர், 1934இல் உருவான இலங்கை நிழற்படச் சங்கத்தின் அமைப்பாளருள் ஒருவர். அச்சங்கமும் கொழும்பைச் சார்ந்தது. ஆங்கிலம் பேசுவோரைச் சார்ந்தது. 1944இல் அவர் காலமானார். அம்பாறைக் கரையோரத்துக்கு நிழற்படம் ஒரு பொழுதுபோக்குக் கலையாக வந்ததில்லை, தேவையாகவே வந்தது. 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் பலர் வாழ்வில் முதன்முறையாக ஸ்டூடியோவில் அமர்ந்தனர். அவ்வொற்றைப் படமே பல குடும்பங்களில் மூதாதையரின் ஒரே நினைவாயிற்று. அவற்றிலும் எத்தனையோ 2004 திசெம்பர் 26ஆம் நாட் கடலோடு போயின.

ஆகவே கல்முனையில் இரட்டைப்படக் கழகத்தைத் தேடுவது வீண்முயற்சி. ஆனால் அக்கழகங்கள் எதிர்கொண்ட சிக்கலை இக்கரையோரமும் வேறொரு கலையில் எதிர்கொண்டது. அக்கலை கவிதை.

கல்முனைக்கு வடக்கே பெரியநீலாவணையிற் பிறந்து, ஊர்ப்பெயரையே தம் புனைபெயராக்கிக்கொண்டவர் நீலாவணன் (1931–1975). இயற்பெயர் சின்னத்துரை, தொழிலால் ஆசிரியர். 1960களில் கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தியவரும், 1967இல் ‘பாடும்மீன்’ என்னும் சஞ்சிகையை வெளியிட்டவரும் அவரே. அவரைச் சூழ்ந்து வளர்ந்த இளைஞர் பலர். கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், மருதமுனையைச் சேர்ந்த மருதூர்க்கொத்தன், ஜீவா ஜீவரத்தினம் ஆகியோர் அவர்களுட் சிலர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இக்கரையில், ஒரே வட்டத்துள் இரு சமூகத்து இளைஞரும் ஒருவர் கவிதையை ஒருவர் திருத்தியவாறு அமர்ந்தனர் என்பது சாதாரணமான செய்தியன்று. 1985இலும் 1990இலும் இரு சமூகங்களுக்கிடையே நேர்ந்தவற்றை அறிந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

இவ்வட்டத்தில் கீழடுக்குத் தரமாக விளங்கியது யாப்பு. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாக அமையவேண்டும். மா முன் நிரையும் விள முன் நேரும் காய் முன் நேரும் வரவேண்டும். இவற்றைக் கற்க மேதை வேண்டியதில்லை. சில மாதப் பயிற்சி போதும். கவியரங்க மேடையில் தளை தட்டினால், இலக்கணம் கல்லாத உழவனின் செவிக்கும் ஓசை இடறியது தெரியும். இணைப்புத் தவறிய இரட்டைப்படம் கண்ணை வருத்துவது போலவே, தளை தவறிய பா செவியை வருத்தும். எனவே புதியவரிடம் இதனைச் சொல்வது அவமதிப்பாகாது. பிழை ஆளில் இல்லை, சீரில் இருக்கிறது. அதனை எடுத்துக்காட்டுவதற்கு வயதோ புகழோ தேவையில்லை என்பதால், நேற்று வந்தவனும் மூத்தவரின் தளையை எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் தளை தட்டாத செய்யுளெல்லாம் கவிதையாகுமெனில், நாடெங்கும் கவிஞரே நிறைந்திருப்பர். நீலாவணனின் சிறப்பு, யாப்பின் கட்டுக்குள்ளே மட்டக்களப்பு மண்ணின் பேச்சோசையைப் புழங்கவிட்டமையாகும். அவர் காலமானபின் 1976இல் ‘வழி’ என்னும் தொகுதியும், 1982இல் ‘வேளாண்மை’ காவியமும் நூலாயின. வயல்நிலத்து மனிதரின் வாழ்வை அவர்தம் சொல்லாலேயே ‘வேளாண்மை’ பாடுகிறது. யாப்பை ஐயமறக் கற்ற கைக்கே அத்தகைய நெகிழ்ச்சி வாய்க்கும். இந்த மேலடுக்கை அவர் விதியாக யாருக்கும் கற்பித்திருக்க இயலாது. தாம் எழுதிக் காட்டினார். அருகிருந்தோர் தத்தம் வழியிற் கண்டுகொண்டனர்.

அவர்கள் அவரைப் படியெடுக்கவில்லை என்பதே முக்கியமானது. நுஃமான் 1969இல் ‘கவிஞன்’ என்னும் காலாண்டிதழைக் கல்முனையிலிருந்து வெளியிட்டார். பாண்டிருப்பைச் சேர்ந்த சண்முகம் சிவலிங்கம் அம்முயற்சியில் அவருக்குத் துணையானார். கவிதைக்கும் கவிதை விமரிசனத்துக்குமாக ஓர் இதழ், அதுவும் தலைநகரிலோ யாழ்ப்பாணத்திலோ அன்றிக் கல்முனையில் வெளிவந்தது. அங்கு பாராட்டோடு நின்றுவிடாமல் காரணம் கேட்கும் பழக்கம் வளர்ந்தது. நுஃமானின் ‘தாத்தாமாரும் பேரர்களும்’ 1977இல் வந்தது. நீலாவணனின் குரலை அதிற் கேட்க முயல்பவர் ஏமாறுவர். ஆசானின் படத்தைப் போலவே எடுத்து ஒன்பது புள்ளி பெற விரும்பும் மாணவனை உருவாக்காதது இவ்வட்டத்தின் பெருமை.

எனினும் நிறுவனம் என்ற அளவில் நோக்கின் கல்முனை வட்டம் வென்றதெனக் கூறமுடியாது. ‘பாடும்மீன்’ நெடுங்காலம் நீந்தவில்லை. ‘கவிஞன்’ சில இதழ்களோடு நின்றது. நீலாவணன் நாற்பத்துநான்கு வயதை எட்டுமுன்னரே மறைந்தார். அவருக்குப்பின் அவ்வட்டத்தை அதே வடிவில் தாங்கிநிற்க ஒருவர் இருக்கவில்லை. ஒரு மனிதரின் முற்றத்தில் நடந்தது அம்மனிதரோடு ஓய்ந்தது இயல்பே. சுற்றுப்பெட்டி போன்றதொரு ஏற்பாடு, யார் இறப்பினும் அடுத்தவருக்குச் சென்றுகொண்டிருக்கும் ஒன்று, அங்கே அமைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என எண்ணத் தோன்றுகிறது. மறுபுறம், ஒன்றே கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சுழலும் அப்பெட்டியிலிருந்து வென்ட் ஒருவரோ நீலாவணன் ஒருவரோ தோன்றியதாகக் கலையுலகம் பேசக் காணோம். பெட்டி கலையைக் காத்தது. முற்றம் கலைஞரைத் தந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற கழகம் வரலாற்றில் அரிது.

இன்று இரட்டைப்படம் எடுப்பதற்கு றியலிஸ்ற் கமராவும் வேண்டியதில்லை. கையிலுள்ள தொலைபேசியில் காலை மாற்றி ஊன்றி இரண்டு படம் எடுத்து, அவற்றை அதிலேயே ஒன்றிணைத்துவிடலாம். ஒலுவில் பல்கலைக்கழகத்து மாணவர் சிலர் கூடினால் ஒரு மாலைப்பொழுதிலேயே அத்தகைய கழகமொன்றைத் தொடங்கிவிட முடியும். அவ்வாறு தொடங்குபவர் முதல்நாளிற் செய்யவேண்டியது விதிகளை எழுதுவதன்று. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள் வைத்து, வந்தவர் எல்லாரையும் அதில் எழுதச் செய்வதேயாகும்.

1984இல் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ சென்னையிலிருந்து வெளிவந்தது. ஈழம் முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட அப்பதினொருவருள் நீலாவணன், நுஃமான், சண்முகம் சிவலிங்கம் ஆகிய மூவர், பெரியநீலாவணைக்கும் கல்முனைக்குடிக்கும் இடைப்பட்ட சில மைல் நீளக் கரையைச் சேர்ந்தவர்கள்.